ஊழியரின் லீவும் குடும்பக் கடமையும்

(கழகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)





ஆண்டு விழா மேடையிலே இளைஞர் பேச வந்தால் மொழி, சமயம், கல்வி, ஒற்றுமை என்னும் பொருள்களுள் ஒன்றையே எடுத்துக்கொள்வர் என அவையோர் எதிர்பார்ப்பது இயல்பு. நாம் எடுத்துக்கொண்ட பொருளோ லீவு. இதைக் கேட்டதும் முன்வரிசையிலுள்ள பெரியவர்கள் சிலரின் முகத்தில் புன்முறுவல் அரும்புவதைக் காண்கிறோம். "இன்னும் உத்தியோகத்துக்கே போகாத பிள்ளைகள், அதற்குள் லீவு கேட்கத் தொடங்கிவிட்டார்களே" என்று அவர்கள் எண்ணுவது நியாயமே. ஆயின், நாம் கேட்க வந்தது ஓய்ந்திருப்பதற்கான லீவன்று. ஊர் சுற்றுவதற்கான லீவுமன்று. வீட்டிலே தாயோ தந்தையோ துணையோ பிள்ளையோ நோயுற்றுக் கிடக்கும்போது, ஊழியஞ் செய்யும் ஒருவர் தமக்குரிய சம்பள லீவில் ஒரு நாளை எடுத்து, உண்மைக் காரணத்தைச் சொல்லி, அந்நோயாளியின் அருகே இருக்கலாமா என்பதே எமது வினா. இருக்கலாம் என்பதை மேலதிகாரியின் தயவுக்கு விடாது, ஊழியரின் உரிமையாகச் சட்டம் சொல்லல் வேண்டும் என்பதே இன்று உங்கள் முன் வைக்க வந்த கருத்து.

பாடசாலையிலே லீவுக் கடிதம் எழுதப் பழக்கிய நாள்களை இங்குள்ள யாவரும் நினைவு கூரலாம். நாம் பயின்றது மிசன் பாடசாலை. இச்சபையிலுள்ள பலர் பயின்றது சைவப் பாடசாலை. காலைப் பிரார்த்தனையிலே வேறுபாடு இருந்தது; லீவுக் கடிதத்திலே வேறுபாடு இருக்கவில்லை. அக்கடிதத்தில் காய்ச்சல் எப்போதும் எழுதுபவனுக்கே வரும். அவனுடைய தாய்க்கு வருவதேயில்லை, பாட்டனாருக்கும் வருவதில்லை. வளர்ந்து உத்தியோகத்துக்குப் போன பின்னரும் பலர் அக்கடிதத்தையே எழுதி வருகின்றனர். தகப்பனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்ற இலிகிதர், தமக்கு வயிற்றுவலி என்று எழுதுகிறார். பிள்ளைக்கு அம்மை கண்ட தாய், தனக்குத் தலைச்சுற்று என்று மருத்துவ அத்தாட்சிப் பத்திரம் தேடுகிறாள். இவர்கள் பொய்யர்களா? அல்லர். உண்மையைச் சொன்னால் லீவு கிடைக்குமோ கிடையாதோ என்ற ஐயமே அவர்களை அப்படி எழுத வைக்கிறது. நற்செயல் செய்யப் புறப்பட்ட ஒருவரைப் பொய் சொல்ல வைக்கும் ஏற்பாட்டிலே ஏதோ ஒரு குறை இருத்தல் வேண்டும். அக்குறை எங்கேயுள்ளது என்று பார்ப்போம்.

எமது நாட்டிலே தனியார் கடைகளிலும் கந்தோர்களிலும் வேலை செய்வோரின் லீவைப் பற்றிப் பேசும் சட்டம் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டமாகும். அக்காலத்துக்கு அது ஒரு பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. முதலாளியின் மனநிலையைப் பார்த்து லீவு கேட்ட காலத்தை மாற்றி, ஓராண்டு சேவை முடித்த ஊழியருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாள் சம்பளத்தோடு கூடிய வருடாந்த லீவையும், 7 நாள் அமைய லீவையும் அது உரிமையாக்கியது. அமைய லீவு என்பது காசுவல் லீவு என்று நாமெல்லாம் வாய்வழக்கிலே சொல்வது. சொந்த அலுவல், சுகவீனம், வேறு நியாயமான காரணம் என்பனவற்றுக்காக அதை எடுக்கலாம் என்று சட்டம் கூறுகிறது. சேவையின் முதலாம் ஆண்டிலே இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அது கிடைக்கும்.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "பின்னை என்ன குறை? சொந்த அலுவல் என்பதற்குள் தாயின் நோயும் அடங்குந்தானே" என்று வினவக்கூடும். அடங்கும். ஆயின் அந்த 7 நாள்களுக்குள் வேறு என்னென்ன அடங்கவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அச்சட்டத்திலே ஊழியரின் சொந்த நோய்க்கென்று வேறொரு லீவு கிடையாது. சில தாபனங்கள் ஒப்பந்தத்தின்படி மருத்துவ லீவு கொடுக்கின்றன. அது அத்தாபனங்களின் வழக்கம். சட்டத்தை மட்டும் நம்பியிருக்கும் ஊழியருக்குத் தம்முடைய காய்ச்சல், பிள்ளையின் காய்ச்சல், காணி வழக்கு, அடையாள அட்டை அலுவல், உறவினரின் மரணச் சடங்கு ஆகிய எல்லாவற்றுக்கும் அதே 7 நாள்கள்தாம். வருடாந்த லீவு உண்டே என்பீராயின், அது முன்கூட்டியே திட்டமிட்டு எடுக்கும் லீவு. பாரிசவாதம் திட்டமிட்டு வருவதில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள ஒரு தாயார் மாதம் ஒருமுறை அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிகாலையிலே இலக்கம் எடுக்கவேண்டும்; வைத்தியரைக் காணவேண்டும்; இரத்தப் பரிசோதனைக்கு நிற்கவேண்டும்; பின்னர் மருந்து கொடுக்கும் யன்னலிலே வரிசையில் நிற்கவேண்டும். கண்பார்வை மங்கிய முதியவர் இவற்றைத் தனியே செய்ய மாட்டார். துணைக்கு ஒருவர் வேண்டும். மாதம் ஒரு நாள் என்றால் ஆண்டுக்கு 12 நாள். சட்டம் கொடுத்தது 7 நாள். புரட்டாதி மாதத்துக்கு முன்னமே அமைய லீவு தீர்ந்துவிடும். இதுவும் நோய் அடங்கியிருக்கும் ஆண்டின் கணக்கே. அதே தாயார் ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை தங்க நேர்ந்தாலோ, சிறுநீரகம் பழுதுற்று வாரத்துக்கு இரண்டு மூன்று முறை குருதி சுத்திகரிப்புக்குப் போக நேர்ந்தாலோ, வருடாந்த லீவையும் சேர்த்துக் கூட்டினாலும் கணக்குக் கட்டாது.

இன்னொரு கணக்கும் உண்டு. யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்பிலே வேலை பார்ப்போருக்கு வீடு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம். "அம்மாவுக்கு ஏலாதாம்" என்ற செய்தி வந்தால் இரவுப் பேருந்திலே ஏறவேண்டும். போகும் இரவும் திரும்பும் இரவும் பெருஞ்சாலையிலே கழிகின்றன. நித்திரை இல்லாமல் இறங்கி, கட்டிலருகே ஒரு பகல் இருந்துவிட்டு, அன்றிரவே திரும்ப ஏறும் பிள்ளைகள் எத்தனை பேர்! மட்டக்களப்பிலும் மலைநாட்டிலும் இருந்து தலைநகருக்குச் சென்றோரின் நிலைமையும் வேறன்று.

இனிச் சட்டப் புத்தகத்தின் இன்னொரு பக்கத்தைத் திருப்புவோம். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றுண்டு. பிள்ளைகள் தம் பெற்றோரை வேண்டுமென்று கைவிடலாகாது. பெற்றோரைப் பராமரித்து அவர்தம் தேவைகளைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமையும் பொறுப்புமாகும் என்று அச்சட்டம் விதிக்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் பெறுவதற்குச் சபையொன்றிலே முறையிடவும் அது வழி செய்கிறது. நல்ல சட்டம். எமது முன்னோர் வாழ்ந்து காட்டியதையே அது எழுத்தில் வைத்தது.

ஆனால் இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு சட்டம், "உன் தாயைக் கவனிப்பது உன் கடமை" என்கிறது. மற்றச் சட்டம், "அதற்கென்று நாள் எதுவும் குறிக்கப்படவில்லை" என்கிறது. கடமையை விதித்தவர் அக்கடமையைச் செய்வதற்கான நேரத்தையும் விட்டுக் கொடுத்தல் வேண்டாமா? பணம் அனுப்பினால் மருந்து வாங்கலாம். மருந்தை வேளைக்கு எடுத்துக் கொடுக்கவும், வைத்தியர் சொன்னதைக் கேட்டு வைத்திருக்கவும், இரவிலே எழுந்து தண்ணீர் கொடுக்கவும் ஆளல்லவா வேண்டும்? எமது கருத்தின் நடுநாயகம் இதுவே.

"எங்கள் காலத்திலே இப்படியெல்லாம் ஒருவரும் லீவு கேட்கவில்லையே" என்று பெரியோர் கூறுவர். உண்மை. அக்காலத்தில் ஒரு வளவிலே நாலு குடும்பம் இருந்தது. அம்மாவுக்கு ஏலாவிட்டால் சின்னம்மா அடுப்பைப் பார்த்தார். மாமி பிள்ளைகளைப் பார்த்தார். பெரியையா பரியாரியாரைக் கூட்டிவந்தார். கந்தோருக்குப் போனவர் கந்தோருக்குப் போனார். இன்று அந்த வளவிலே பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. யுத்தத்தினால் சிதறியோர் சிலர். உழைப்பைத் தேடிக் கடல் கடந்தோர் பலர். எஞ்சியிருக்கும் ஒரு பிள்ளையும் வேலைக்குப் போகவேண்டியிருக்கிறது. அதே வேளையில் முதியோர் தொகையும் பெருகியுள்ளது. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் நூற்றுக்கு 6.6 பேர்; 2012 ஆம் ஆண்டு மதிப்பீட்டிலே 12.4 பேர். ஒரு தலைமுறைக்குள் பங்கு ஏறக்குறைய இரட்டித்துவிட்டது. பார்க்கப்படவேண்டியோர் பெருகினர், வீட்டிலிருந்து பார்ப்போர் அருகினர். 1954 இல் எழுதிய 7 நாள் மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்த 7 நாளாவது உள்ளவர்கள் ஒருவகையில் பாக்கியசாலிகள். அரசாங்க சேவையிலுள்ள நிரந்தர உத்தியோகத்தர்க்குப் பொதுவாக ஆண்டொன்றுக்கு 45 நாள் லீவு உண்டு. தனியார் கந்தோரில் உள்ளவர்க்கு 21. தோட்டத்திலே நாட்சம்பளத்துக்குக் கொழுந்தெடுக்கும் பெண்ணின் நிலை என்ன? காய்ச்சற்காரப் பிள்ளையை டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் அன்றைக்கு அவளுக்குப் 'பேர்' இல்லை. பேர் என்றால் தோட்டத்து வழக்கிலே ஒரு நாள் வேலைக்கான பதிவு. பேர் இல்லையென்றால் அந்த நாட்சம்பளம் இல்லை. பிள்ளை சுகமாகும் வரை மூன்று நாள் இருந்தால் மூன்று பேர் போயிற்று. வீட்டு வேலை செய்வோர், மேசன் வேலைக்குக் கைக்கூலியாகப் போவோர், சந்தையிலே சுமை தூக்குவோர் ஆகியோருக்கோ லீவு என்ற சொல்லே இல்லை. எல்லோருடைய தாய்மாரும் ஒரேவகையாகவே நோயுறுகின்றனர். லீவு மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

இந்நிலையால் விளையும் கேடுகளிலே பொய்க்கடிதம் சிறியது. பெரியது வேறொன்று. வீட்டிலே ஒருவர் நெடுநாள் நோயுற்றால், "யார் வேலையை விடுவது?" என்ற கேள்வி எழுகிறது. விடை பெரும்பாலும் முன்னமே முடிவாகியிருக்கும். மகள் விடுவாள், அல்லது மருமகள் விடுவாள். ஆசிரியப் பயிற்சி பெற்றவள், கணக்காளர் பரீட்சையில் பாதி முடித்தவள், தையற் தொழிற்சாலையிலே உழைத்துத் தங்கையைப் படிப்பித்தவள், இவர்களில் யாராயினும் ஒருத்தி ஒரு திங்கட்கிழமை காலையிலே வேலைக்குப் போகாமல் நின்றுவிடுகிறாள். அவளுடைய சம்பளமும் சேமலாப நிதியும் பதவி உயர்வும் அங்கே முடிகின்றன. பின்னர் நாம் மேடையேறி அவளுடைய தியாகத்தைப் புகழ்கிறோம். திருநாவுக்கரசர் சூலை நோயால் வருந்தியபோது அவரைத் தேற்றி ஆட்கொண்ட தமக்கையார் திலகவதியாரைப் போற்றாத சைவர் இல்லை. போற்றுதல் தகும். ஆயின் அத்தமக்கையாரைப் போற்றுவது தம்பிமார் கைகட்டி நிற்பதற்கு ஒரு சாட்டாக மாறிவிடலாகாது. ஆணும் பெண்ணும் சமமாக எடுக்கக்கூடிய லீவு ஒன்று சட்டத்தில் இருக்குமானால், "எனக்கு லீவு தரமாட்டார்கள், நீ நில்" என்று தமையன் தங்கையிடம் சொல்லும் சொல்லுக்கு இடமிராது.

இவையெல்லாம் நடவாத காரியம் என்று யாரும் எண்ணவேண்டாம். 1981 ஆம் ஆண்டிலேயே சர்வதேசத் தொழிலாளர் தாபனம் குடும்பப் பொறுப்புடைய தொழிலாளர் பற்றிய 156 ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. அதனோடு சேர்ந்த 165 ஆம் இலக்க விதப்புரை, பிள்ளையோ நெருங்கிய குடும்பத்தவரோ நோயுறும்போது ஆணாயினும் பெண்ணாயினும் தொழிலாளி லீவு பெற வழியிருத்தல் வேண்டும் என்று கூறிற்று.

அவுஸ்திரேலியா அச்சமவாயத்தை 1990 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அந்நாட்டுத் தொழிற்சங்கப் பேரவை அதன்பின் ஒரு வழக்கைக் கொண்டு சென்றது. 1994 ஆம் ஆண்டிலே கைத்தொழில் உறவுகள் ஆணைக்குழு அதற்குத் தீர்ப்பளித்தது: ஊழியர் தம் சொந்த நோய்க்கென்று பெற்ற லீவைக் குடும்பத்தவரின் நோய்க்கும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். இதைக் கவனியுங்கள்: அங்கே முதற்படியாகப் புதிய நாள்கள் கேட்கப்படவில்லை. உள்ள நாளை உண்மையான காரணத்துக்குப் பயன்படுத்தும் அனுமதியே கிடைத்தது. அதிலிருந்து வளர்ந்து, 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2010 முதல் நிரந்தர முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பள லீவு உரிமையாயிற்று. தாம் நோயுற்றாலும் எடுக்கலாம். குடும்பத்தவரோ தம் வீட்டில் வாழ்பவரோ நோயுற்றாலும் எடுக்கலாம். எடுக்காத நாள் அடுத்த ஆண்டுக்குச் சேரும்.

நியூசிலாந்திலே 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வாழ்க்கைத் துணையும் தம்மில் தங்கியிருப்போரும் நோயுறும்போதும் சுகவீன லீவு எடுக்க இடங்கொடுத்தது. அந்த லீவு 5 நாளாக இருந்து, 2021 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் 10 நாளாக உயர்த்தப்பட்டது. அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலம் 1999 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. ஊழியர் ஓராண்டிலே ஈட்டும் சுகவீன லீவில் பாதியைப் பிள்ளை, பெற்றோர், துணை ஆகியோரின் நோய்க்குப் பயன்படுத்தலாம் என்றும், அப்படிப் பயன்படுத்தியவரைத் தண்டிக்கலாகாது என்றும் அது விதித்தது. அதே மாநிலம் 2002 ஆம் ஆண்டில் இன்னொரு படி ஏறி, ஊழியரின் சம்பளத்திலிருந்து சிறு தொகை கழித்துச் சேர்த்த காப்புறுதி நிதியிலிருந்து, குடும்பத்தவரைப் பராமரிக்க நிற்கும் காலத்துக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கொடுக்கும் திட்டத்தை இயற்றியது. 2004 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முதலில் 6 வாரமாக இருந்தது 2020 இல் 8 வாரமாயிற்று.

எல்லா நாடுகளும் இவ்வளவு தூரம் போகவில்லை. பிரித்தானியாவிலே 2023 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2024 ஏப்பிரில் முதல் பராமரிப்போருக்கு ஆண்டில் ஒரு கிழமை லீவு கிடைத்தது. ஆனால் சம்பளம் இல்லை. சம்பளமில்லாத லீவை வசதியுள்ளவர் எடுப்பர். கடைச் சிப்பந்தி எடுக்க மாட்டார். ஆகையாற்றான் 'சம்பளத்தோடு' என்ற சொல்லை நாம் விடாது பிடித்திருக்கிறோம்.

இனி, இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களைப் பார்ப்போம். அவற்றைச் சொல்வோர் கொடியவர் அல்லர். அவர்களுக்கும் செவி சாய்த்தல் முறை.

"மூன்று பேர் வேலை செய்யும் கடை எனது. ஒருவர் நின்றால் கடையே நின்றுவிடும்" என்பார் ஒரு முதலாளி. அவருடைய கஷ்டம் உண்மையானது. ஆயின் தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கும் சிப்பந்தி எப்படியும் அன்றைக்கு வரப்போவதில்லை. உண்மையைச் சொல்ல உரிமை இருந்தால் முதல்நாள் மாலையே சொல்லுவார். முதலாளி மாற்று ஏற்பாடு செய்யலாம். உரிமை இல்லாதபோது காலை ஒன்பது மணிக்கு, "எனக்குக் காய்ச்சல்" என்று தொலைபேசியிலே செய்தி வரும். இவற்றுள் எது கடைக்கு நட்டம் என்று முதலாளியே தீர்மானிக்கட்டும்.

"துர்ப்பிரயோகம் செய்வார்கள், இல்லாத பாட்டிமாரெல்லாம் நோயுறுவார்கள்" என்பது இரண்டாவது ஆட்சேபம். சிலர் செய்வர். தம்முடைய நோயைச் சொல்லியும் சிலர் ஏமாற்றுகின்றனர்; அதற்காகச் சுகவீன லீவே கூடாதென்று எவரும் சொல்வதில்லை. கிளினிக் கொப்பியிலே திகதி உண்டு. ஆஸ்பத்திரி அனுமதி அட்டையிலே பெயர் உண்டு. அவுஸ்திரேலியாவிலும் முதலாளி சான்று கேட்கலாம். உண்மையைச் சொல்ல அனுமதித்து அதற்குச் சான்று கேட்பது, பொய்யைச் சொல்ல வைத்து அதற்குச் சான்று வாங்குவதிலும் மேலானதன்றோ?

"செலவை யார் சுமப்பது?" என்பது மூன்றாவது, இதுவே கனமானது. உள்ள லீவை இக்காரியத்துக்கும் திறந்துவிடும் முதற்படியிலே புதிய செலவு பெரிதில்லை. நாள்களைக் கூட்டும்போது செலவு வரும். நாட்சம்பளக்காரருக்கும் கைக்கூலிக்காரருக்கும் கொடுக்கப் புகும்போது இன்னும் வரும். அதற்கு ஒரு பொது நிதி வேண்டும். எமது நாட்டுக்கு அது புதிதன்று. 1958 ஆம் ஆண்டிலே ஊழியர் சேமலாப நிதி தொடங்கப்பட்டபோதும், 1980 ஆம் ஆண்டிலே ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி தொடங்கப்பட்டபோதும், மாதாமாதம் சிறு பங்கு சேர்த்துப் பிற்காலத்துக்கு உதவும் வழியை நாடு கற்றுக்கொண்டது. முதுமைக்குச் சேமிக்க அறிந்தோர், முதியோரைப் பார்க்கும் நாளுக்காகவும் சேமிக்க அறிதல் அரிதன்று.

ஆதலின் நாம் வேண்டுவன நான்கு.

முதலாவது, குடும்பத்தவரின் நோய் என்பது சம்பள லீவு எடுப்பதற்குரிய காரணம் எனச் சட்டத்திலே வெளிப்படையாக எழுதப்படல் வேண்டும். இரண்டாவது, சொந்த நோய்க்கும் குடும்பத்தவரின் நோய்க்குமாக, அமைய லீவுக்குப் புறம்பாக, ஆண்டுக்கு 10 நாளாவது தரப்படல் வேண்டும். மூன்றாவது, ஆண், பெண், மணமானோர், மணமாகாதோர் என்ற பேதமின்றி அது எல்லோருக்கும் உரியதாதல் வேண்டும். குடும்பம் என்பதற்குள் மாமன் மாமியும், பாட்டன் பாட்டியும், பெறாமல் வளர்த்த பெரியம்மாவும் அடங்குதல் வேண்டும். நான்காவது, தோட்டத் தொழிலாளரையும் நாட்கூலிக்காரரையும் வீட்டு வேலை செய்வோரையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தலாகாது. பொது நிதி ஒன்றின் மூலம் அவர்களும் உள்ளே வரல் வேண்டும்.

சட்டம் மாறும் வரை கைகட்டியிருக்க வேண்டுமா? வேண்டாம். எமது கழகத்து அங்கத்தவருள் இவ்வாண்டிலே வேலைக்குச் செல்லவிருப்போர் பலர். நியமனக் கடிதத்திலே சம்பளத் தொகையை மட்டும் பாராது, லீவு பற்றிய பந்தியையும் வாசியுங்கள். தொழிற்சங்கத்திலே சேர்ந்தால், கூட்டு ஒப்பந்தம் பேசப்படும்போது இவ்விடயத்தையும் பட்டியலிலே சேர்க்கச் சொல்லுங்கள். சட்டம் தராததை ஒப்பந்தம் தரலாம். நாளை உங்களுள் சிலர் முகாமையாளர் நாற்காலியில் அமர்வீர்கள். அன்று ஒரு சிப்பந்தி வந்து, "ஐயா, அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டு போகவேணும்" என்று சொன்னால், அவர் உண்மையைச் சொல்லத் துணிந்ததற்காகவேனும் முகம் சுளியாது கையொப்பமிடுங்கள்.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். "மகனுக்கு வேலை இருக்கு, அவனைக் கூப்பிடாதே, மகள் பார்க்கட்டும்" என்று நீங்கள் அன்பினாற் சொல்லும் வார்த்தை, மகளுடைய வேலையை வேலையல்ல என்று சொல்லிவிடுகிறது. இருவரையும் கூப்பிடுங்கள். முறை வைத்து வரச் சொல்லுங்கள்.

கழகத்துக்கும் ஒரு யோசனை. எமது கிராமத்திலே பிள்ளைகள் அருகில் இல்லாத முதியோர் பலர் இருக்கின்றனர். கிளினிக் நாளிலே அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்க, விருப்பமுள்ள இளைஞரின் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் செயலாளர் தயாரிப்பாராயின், எமது பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளலாம். பல்கலைக்கழக விடுமுறைக் காலத்திலே எமக்கு நாள்கள் உண்டு. ஆயினும் அயலவன் செய்யும் உதவி பிள்ளையின் இடத்தை நிரப்பிவிடாது. வைத்தியசாலைக் கட்டிலிலே கிடக்கும் தாய் வாசலைப் பார்ப்பது பட்டியலில் உள்ள இளைஞனுக்காக அன்று, தன் பிள்ளைக்காக. அப்பிள்ளை அன்றைக்கு வரக்கூடியதாக நாட்டின் சட்டம் அமைதல் வேண்டும். அதைக் கேட்பது சோம்பலின் அடையாளமாகாது என்பதை இச்சபை ஏற்றுக்கொள்ளும் என நம்புகிறோம்.